இன்னொருவரின் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்பவருக்குச் சொந்தப் பொறுப்பு எப்போது வரும்?

இன்னொருவரின் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் எழுத்தில் தொடங்குவதில்லை. கண் மங்கிய பெரியவர் ஒருவர் ஏடிஎம் அட்டையைக் கையில் கொடுத்து, நான்கு இலக்க எண்ணைக் காதோடு சொல்லி, இனி நீயே பார்த்துக்கொள் என்கிறார். அல்லது நீண்ட சிகிச்சைக்குப் போகும் சகோதரி, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை ஓர் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். அன்று யாரும் பொறுப்பைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் நம்பிக்கைக் குறைவாகத் தோன்றும். சில ஆண்டுகள் கழித்து மற்ற வாரிசுகளோ, கடன் கொடுத்தவரோ, வரித் துறையோ, வங்கியோ கணக்கு அறிக்கையில் ஒரு வரியைச் சுட்டி, இந்தத் தொகை எங்கே போயிற்று என்று கேட்கும்போதுதான், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பது தெரியவருகிறது.

நான் பார்த்த வரையில், இந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர்களில் பணத்தை எடுத்துக்கொண்டவர்களைவிட, எடுத்துக்கொள்ளவில்லை என்று காட்ட முடியாதவர்களே அதிகம். ஆகவே இந்த வழிகாட்டி இரண்டு கேள்விகளையே சுற்றி வருகிறது. நீங்கள் எந்தத் தகுதியில் அந்தக் கணக்கைத் தொடுகிறீர்கள் என்பது ஒன்று. தொட்ட ஒவ்வொரு முறையையும் பின்னாளில் எதைக் கொண்டு காட்டுவீர்கள் என்பது மற்றொன்று. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், வேறுபாடு முக்கியமாக உள்ள இடங்களில் நாட்டின் பெயரோடு சொல்லியிருக்கிறேன்.

எந்தத் தகுதியில் கணக்கைத் தொடுகிறீர்கள்?

எழுதிக் கொடுத்த அதிகாரம் எதுவும் இல்லாமல், கணக்குதாரரின் அட்டை, ரகசிய எண், கைப்பேசிக்கு வரும் ஓடிபி ஆகியவற்றை வைத்துக்கொண்டு கணக்கை இயக்குவதே மிகப் பரவலான முறை. மிக ஆபத்தானதும் அதுதான். வங்கியின் பார்வையில் நீங்கள் யாருமே இல்லை. ரகசிய எண்ணை எவரோடும் பகிரக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா வங்கிகளின் நிபந்தனைகளிலும் இருப்பதால், உங்களிடம் அதைச் சொன்ன கணத்திலேயே கணக்குதாரர் நிபந்தனையை மீறியவர் ஆகிறார். பின்னர் வெளியாள் ஒருவர் உண்மையாகவே பணத்தைத் திருடினாலும், கவனக்குறைவு வாடிக்கையாளருடையது என்று வங்கி கைவிரிக்க அதுவே காரணமாகலாம். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதை வெளிப்படையாகவே வகுத்தது: வாடிக்கையாளர் தம் ரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான இழப்பு முழுவதும் அவரைச் சேரும், தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நேர்ந்திருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே கிடையாது. நல்லெண்ணத்தோடு நீங்கள் வாங்கிக்கொண்ட நான்கு இலக்கங்கள் அந்தப் பெரியவரை இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்குத் தள்ளிவிடக் கூடும். அதோடு, எண் தெரிந்த இன்னொருவர் நீங்கள் மட்டுமே என்பதால், முதல் சந்தேகமும் உங்கள் மேல்தான் விழும்.

இதற்கு அடுத்த படி, கணக்குதாரர் வங்கியிடமே எழுதிக் கொடுக்கும் இயக்க அனுமதி. வங்கியில் இருப்பவர்கள் இதை மேண்டேட் என்பார்கள். பணம் அவருடையதாகவே இருக்கும், உங்கள் கையெழுத்தும் செல்லும், எந்தப் பரிவர்த்தனையை யார் செய்தார் என்பது வங்கியின் பதிவில் தனித்துத் தெரியும். மாதாந்தரச் செலவுகளைப் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை என்றால் இதுவே போதும் என்பது என் கருத்து. பெரிய ஆவணம் வேண்டாத இடத்தில் பெரிய ஆவணம் வாங்குவது, தேவையில்லாத அதிகாரத்தையும் அதற்கேற்ற கேள்விகளையும் சேர்த்து வாங்குவதாகும்.

மூன்றாவது, பவர் பத்திரம் என்று பேச்சில் சொல்லப்படும் அதிகாரப் பத்திரம். நான்காவது, கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக்குவது. ஐந்தாவது, நீதிமன்றமோ சட்டப்படி அமைந்த வேறோர் அதிகாரியோ உங்களைக் காப்பாளராக நியமிப்பது. அரசு உதவித்தொகை வரும் கணக்குகளுக்குச் சில நாடுகளில் தனி நியமனம் உண்டு. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு அலுவலகம் அதிகாரப் பத்திரத்தை ஏற்பதில்லை. ஒருவருக்கு வரும் தொகையை நிர்வகிக்க அந்த அலுவலகமே உங்களைப் பிரதிநிதிப் பெறுநராக நியமித்திருக்க வேண்டும், பயனாளியின் பணத்தை உங்கள் பணத்தோடு கலக்காமல் தனியே வைத்திருக்கவும் வேண்டும். ஐந்து தகுதிகளிலும் கையில் இருப்பது அதே பணம்தான் என்றாலும், கெட்ட நாளில் உங்கள் நிலைமை ஐந்து விதமாக இருக்கும்.

வசதிக்காகச் சேர்த்த பெயர்

கூட்டுக் கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மிக எளிதாகச் செய்யப்படுவதும் மிகக் குறைவாக யோசிக்கப்படுவதும் அதுதான். சும்மா உன் பெயரையும் போட்டு வைக்கிறேன் என்று சொல்லப்படும் அந்த ஒரு படிவம், உதவியாளராக இருந்த உங்களைக் கணக்குதாரராக மாற்றிவிடுகிறது. அந்தக் கணக்கில் ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்பைவிட அதிகமாக எடுத்த கடன், இருந்தால், அதை எடுத்தவர் மற்றவரே ஆனாலும், முழுத் தொகையையும் இருவரில் எவரிடமிருந்தும் வசூலிக்க வழி செய்யும் நிபந்தனையே வழக்கம். ஆளுக்குப் பாதி என்ற கணக்கு அங்கே எடுபடாது. கணக்கு தொடங்கும்போது கையெழுத்திடும் படிவத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தச் சொற்களின் பொருள் இதுதான்.

ஆபத்து எதிர்த் திசையிலும் பாயும். உங்கள் தொழில் நொடித்தாலோ, உங்கள் மேல் கடன் தீர்ப்பு வந்தாலோ, மணமுறிவு வழக்கில் உங்கள் சொத்து எவ்வளவு என்ற கேள்வி எழுந்தாலோ, உங்கள் பெயர் இருக்கும் எல்லாக் கணக்குகளும் முதலில் பட்டியலில் ஏறும். அந்தப் பணம் முழுவதும் பெரியவருடைய சேமிப்பு என்று பின்னர் நிரூபித்து மீட்கலாம். ஆனால் நிரூபிக்கும் வரை அவருடைய மருத்துவச் செலவுக்கான பணம் முடங்கிக் கிடக்கும். உங்கள் கடனுக்காக அவர் பணம் முடங்குவது, நீங்கள் நினைத்தே பார்த்திராத ஒரு பொறுப்பு.

மூன்றாவது சிக்கல் மரணத்துக்குப் பின் வருவது. 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில் இயங்கும் கணக்கில் மீதியை வங்கி உயிரோடிருப்பவருக்குக் கொடுத்துவிடும். வங்கி கொடுத்ததாலேயே அது உங்களுடையதாகிவிட்டது என்று கொள்வது தவறு. வளர்ந்த மகளோடு தந்தை வைத்திருந்த கூட்டுக் கணக்குகள் தொடர்பான வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2007-இல் சொன்னது நினைவில் கொள்ளத்தக்கது: பெற்றோர் விலை ஏதும் வாங்காமல் வளர்ந்த பிள்ளையின் பெயரைச் சேர்த்தால், அந்தப் பணத்தைப் பிள்ளை பெற்றோரின் சொத்துக்காகவே வைத்திருக்கிறார் என்பதுதான் தொடக்க அனுமானம், அது தமக்கே கொடுக்கப்பட்டது என்பவர் அதை நிரூபிக்க வேண்டும். அந்த வழக்கில் மகள் நிரூபித்துவிட்டார் என்பது வேறு செய்தி. இந்தியாவில் நாமினியின் நிலையும் இதற்குத் தொலைவில் இல்லை. நாமினிக்குப் பணத்தைக் கொடுத்ததும் வங்கியின் கடமை தீர்கிறது. நாமினியோ சட்டப்படியான வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்று வைத்திருப்பவர்.

ஆகவே கூட்டுக் கணக்கு தவிர்க்க முடியாததாக இருந்தால், பெயரைச் சேர்க்கும் அன்றே ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக் கணக்குதாரரின் கையெழுத்தை வாங்குங்கள்: இதில் உள்ள பணம் யாருடையது, உங்கள் பெயர் எதற்காகச் சேர்க்கப்படுகிறது, அவருக்குப் பின் மீதி யாருக்குச் சேர வேண்டும். குடும்பத்தில் மற்றவர்களுக்கும் ஒரு படி கொடுத்துவிட்டால் நல்லது. வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அந்தக் கணக்கில் வைக்காமல், சில மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் வைப்பது அதைவிட நல்லது.

பத்திரம் எப்போது செல்லாமல் போகிறது?

அதிகாரப் பத்திரத்தை நம்பியிருப்பவர்கள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை பிறழ்ந்தாலோ முகவரின், அதாவது அவர் சார்பில் செயல்படுபவரின், அதிகாரம் முடிந்துவிடுகிறது. அதாவது, பெரியவருக்கு நினைவு தவறினால் பயன்படும் என்று எழுதி வாங்கிய பத்திரம், நினைவு தவறிய அன்றே வலுவிழக்கிறது. அதன்பின் அதே பத்திரத்தைக் காட்டிப் பணம் எடுத்தால், இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தியவர் என்ற இடத்தில் நிற்கிறீர்கள். அப்போது செய்ய வேண்டியது காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிப்பது. இடைப்பட்ட காலத்தில் அவருடைய நலனைக் காக்க நியாயமான நடவடிக்கைகளை எடுக்கும் கடமை முகவருக்கு உண்டு என்று அதே சட்டத்தின் 209-ஆம் பிரிவு சொல்கிறது.

மற்ற நாடுகள் இந்த இடைவெளியை வெவ்வேறு விதமாக அடைத்திருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மனத்திறன் சட்டம் 2005-இன் கீழ் எழுதிப் பதிவு செய்யப்படும் நிலைத்த அதிகாரப் பத்திரம், எழுதியவர் முடிவெடுக்கும் திறனை இழந்த பின்னும் செல்லும். சிங்கப்பூரின் மனத்திறன் சட்டம் 2008-இன் கீழ் எழுதப்படும் பத்திரமோ, அவர் திறனை இழந்த பின்னர்தான் செயல்படவே தொடங்கும். அமெரிக்காவில் 2006-இன் சீர்மை அதிகாரப் பத்திரச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில், வேறு விதமாக எழுதியிருந்தாலொழியப் பத்திரம் திறனிழப்புக்குப் பின்னும் தொடரும். ஒரு நாட்டில் எழுதிய பத்திரத்தை இன்னொரு நாட்டு வங்கியில் காட்டும்போது இந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே மேசையில் வந்து உட்காரும். எந்த நாட்டில் கணக்கு இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டத்தைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.

பத்திரத்தில் எழுதியிராத அதிகாரம் உங்களுக்குக் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முறிப்பது, கடன் வாங்குவது, நன்கொடை கொடுப்பது போன்றவற்றுக்குத் தனி வரி இருக்கிறதா என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வேலைகளைக் கணக்குதாரரே செய்யட்டும்.

அவருடைய கடன் உங்களுடையதாகும் இடங்கள்

முகவர் தம் அதிகாரத்துக்குள் நின்று, தாம் முகவர் என்பதையும் சொல்லி, இன்னாருக்காகச் செய்கிறேன் என்று செய்த காரியத்துக்குத் தாமே கடனாளி ஆவதில்லை என்பது பொது விதி. நீங்கள் பெரியவருடைய மின்கட்டணத்தைக் கட்டி வந்தீர்கள் என்பதால், கட்டாமல் விட்ட மாதத்தின் பாக்கியை உங்கள் சம்பளத்திலிருந்து யாரும் பிடிக்க முடியாது. வசூல் முகவர்கள் தொலைபேசியில் மகன்தானே, நீங்களே கட்டிவிடுங்கள் என்று அழுத்துவார்கள். கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருக்கிறேனா, இருந்தால் அந்தப் படியைக் காட்டுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எதையும் ஒப்புக்கொள்ளும் விதமாகத் தொலைபேசியில் பேசாதீர்கள். நல்ல மனதோடு சொன்ன ஒரு 'சரி, பார்க்கிறேன்' பிறகு வாக்குறுதியாக எழுதப்படலாம்.

இந்தப் பாதுகாப்பைப் பெரும்பாலும் நாமே ஒரு கையெழுத்தால் இழக்கிறோம். மருத்துவமனைச் சேர்க்கைப் படிவத்தை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில், நோயாளி படுக்கையில் இருக்க, நான்கு பக்கப் படிவத்தின் கடைசியில் 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தைக் காட்டி இங்கே கையெழுத்து என்கிறார்கள். அந்தக் கட்டத்துக்கு மேலே பொடி எழுத்தில், கட்டணம் முழுவதையும் செலுத்த நான் பொறுப்பேற்கிறேன் என்ற வரி இருக்கும். அங்கே வெறும் கையெழுத்து மட்டும் போட்டால் நீங்கள் ஜாமீன்தாரர். கணக்குதாரரின் பெயரை முதலில் எழுதி, அதன் கீழ் 'அவர் சார்பில், அவருடைய அதிகாரம் பெற்ற முகவர்' என்று எழுதி, அதன் பின் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். சொந்தப் பொறுப்பு ஏற்கும் வரியை அடித்துவிட முடியுமா என்றும் கேளுங்கள். பராமரிப்பு இல்லங்களிலும் இதே கட்டம் இருக்கும். மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டங்களில் பங்கேற்கும் அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்கள், சேர்த்துக்கொள்வதற்கு நிபந்தனையாக மூன்றாமவரின் சொந்த ஜாமீனைக் கேட்கக் கூடாது என்று அங்கே கூட்டரசுச் சட்டமே இருக்கிறது. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே, கேட்கும் வழக்கம் எவ்வளவு பரவலாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

காசோலையிலும் இதே ஒழுங்கு வேண்டும். கணக்குதாரரின் கையெழுத்தை அவரைப் போலவே போடுவது, அவர் அனுமதித்திருந்தாலும், போலிக் கையெழுத்து என்ற கேள்வியை எழுப்பும். வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பதும் வேண்டாம். அவர் இறந்த பின் உறையில் இரண்டு மீதியிருந்தால், அவற்றைப் பற்றி நீங்கள் சொல்லும் எந்த விளக்கமும் நன்றாக ஒலிக்காது.

நோட்டுப் புத்தகம்

கேட்டபோது கணக்குக் கொடுக்க வேண்டியது முகவரின் கடமை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு இதை ஒரே வரியில் சொல்கிறது. மற்ற நாடுகளின் சட்டங்களும் இதையே பல வரிகளில் சொல்கின்றன. கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பணம் உங்கள் கைக்கு வந்தது என்பதை வங்கி அறிக்கை காட்டிவிடும். அது எங்கே போயிற்று என்பதைக் காட்டும் சுமை உங்களுடையது. காட்ட முடியாத தொகை, உங்களிடம் இருப்பதாகவே கொள்ளப்படும் அபாயம் உண்டு.

இதற்குக் கணினி வேண்டியதில்லை. ஒரு நீள நோட்டும், ரசீதுகளை எண்ணிட்டு வைக்கும் ஒரு கோப்பும் போதும். ஒரு நாளின் பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: '14-ஆம் தேதி. ஏடிஎம்மில் எடுத்தது 5,000. மருந்துக் கடை 2,340, ரசீது எண் 17. வீட்டு உதவியாளர் சம்பளம் 2,000, அவர் கையெழுத்து பக்கத்தில். மீதி 660 பெரியவர் கையில் எண்ணிக் கொடுக்கப்பட்டது, அவர் கையெழுத்து.' எழுத இரண்டு நிமிடம் ஆகும். இந்த நான்கு வரிகள் இல்லாத இடத்தில், அறிக்கையில் தெரிவது '14-ஆம் தேதி, ரொக்கம், 5,000' என்பது மட்டும்தான்; ஆறு ஆண்டுகளில் அப்படிப்பட்ட எழுபது வரிகளைக் கூட்டினால் வரும் தொகையைப் பார்த்து, உங்கள் மேல் பாசமுள்ளவர்களே புருவம் உயர்த்துவார்கள்.

ரொக்கத்தை இயன்றவரை குறையுங்கள். கடைக்கும் மருத்துவமனைக்கும் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்தினால், யாருக்குப் போனது என்பதை வங்கியே எழுதி வைக்கும். உங்கள் கைக்காசைப் போட்டு ஒன்றை வாங்கி, பிறகு அவர் கணக்கிலிருந்து அந்தத் தொகையை எடுத்துக்கொள்வதாக இருந்தால், தொகை ரசீதோடு பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும், அன்றோ மறுநாளோ எடுக்கப்பட வேண்டும், பரிமாற்றக் குறிப்பில் ரசீது எண் இருக்க வேண்டும். பல மாதச் செலவைச் சேர்த்து உருண்டையான ஒரு தொகையை எடுத்துக்கொள்வதுதான் பிற்காலச் சண்டைகள் பலவற்றின் விதை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பணம் ஒரு நாள்கூட உங்கள் கணக்கில் தங்கக் கூடாது. வட்டி அதிகம் கிடைக்கும் என்றோ, பணப் பரிமாற்றம் எளிது என்றோ சொல்லி அதை உங்கள் பெயருக்கு மாற்றாதீர்கள். கலந்த பணத்தைப் பிரிப்பது பாலில் ஊற்றிய தண்ணீரைப் பிரிப்பது போலத்தான். பிரித்துக் காட்ட முடியாத பகுதி உங்களுக்கு எதிராகவே கொள்ளப்படலாம். இந்த இடத்தில் சிவில் பொறுப்பு குற்றப் பொறுப்பாகவும் மாறலாம்: ஒப்படைக்கப்பட்ட சொத்தை நேர்மையற்ற முறையில் தமதாக்கிக்கொள்வது நம்பிக்கை மோசடி என்ற குற்றம். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் இருக்கிறது. உறவினர் என்பது அதற்கு விலக்கு ஆகாது.

தனக்கே கொடுத்துக்கொள்ளும் பணம்

அவர் கணக்கிலிருந்து உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ போகும் ஒவ்வொரு தொகையும், நியாயமானதே ஆனாலும், சந்தேகத்தோடு பார்க்கப்படும். இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தின் 12-ஆம் பிரிவு முகவர் கொடுக்கக்கூடிய அன்பளிப்புகளை மிகக் குறுக்கிவைத்திருக்கிறது: பிறந்த நாள், திருமணம் போன்ற வழக்கமான தருணங்களில் உறவினருக்கோ அவரோடு தொடர்புள்ளவருக்கோ, அல்லது அவர் கொடுத்து வந்த, கொடுத்திருக்கக் கூடிய அறக்கொடைகளுக்கோ, அதுவும் அவருடைய சொத்தின் அளவுக்குப் பொருந்தும் தொகை மட்டுமே. அதைத் தாண்ட வேண்டுமானால் நீதிமன்றத்தின் அனுமதி தேவை. உங்கள் நாட்டில் இப்படி எழுதப்பட்ட விதி இல்லாவிட்டாலும், இதையே அளவுகோலாக வைத்துக்கொள்வது உங்களைக் காக்கும்.

கடனாக எடுக்கிறேன், அடுத்த மாதம் திருப்பிப் போடுகிறேன் என்பது வேண்டவே வேண்டாம். திருப்பிப் போட்டாலும், எடுத்தது எடுத்ததுதான். உங்கள் உழைப்புக்கு ஊதியம் வேண்டுமென்றால் கேட்பதில் தவறில்லை. பராமரிப்பு கடினமான வேலை, அதை இலவசமாகச் செய்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. ஆனால் தொகையை அவரே, தெளிவான மனநிலையில், எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒரே தேதியில் ஒரே தொகையாக அது போக வேண்டும்.

அறிமுகமில்லாதவருக்கு உதவும் கணக்கு

இதுவரை சொன்னது குடும்பத்துக்குள் நடப்பது. அறிமுகம் குறைந்த ஒருவர் தம் கணக்கை நீங்கள் இயக்க வேண்டும் என்றோ, உங்கள் கணக்கில் பணம் வரும், அதைப் பகிர்ந்து அனுப்பினால் போதும், உங்களுக்கு ஒரு பங்கு என்றோ சொன்னால், அது பெரும்பாலும் மோசடிப் பணத்தைக் கைமாற்றும் வேலை. பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது என்பது பல நாடுகளில் முழுமையான தற்காப்பு ஆகாது. வேறெதையும் ஆராய வேண்டாம், மறுத்துவிடுங்கள்.

கையெழுத்து அதிகாரமே ஒரு வரிக் கடமை

வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு, பெற்றோரின் கணக்கை இணையத்தில் இயக்குபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அமெரிக்காவில் வரிக்கு உட்பட்டு வாழும் ஒருவருக்கு வெளிநாட்டுக் கணக்குகளில் கையெழுத்து அதிகாரம் மட்டுமே இருந்தாலும், அந்தப் பணத்தில் ஒரு டாலர்கூட அவருடையது இல்லாவிட்டாலும், அவருக்கு உரிமையோ அதிகாரமோ உள்ள வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் எந்த ஒரு கணத்திலாவது 10,000 டாலரைத் தாண்டினால், எஃப்பார் என்று அழைக்கப்படும் அறிக்கையை நிதித் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஏப்ரல் 15 கெடு, தவறினால் தானாகவே அக்டோபர் 15 வரை நீட்டிப்பு. வேண்டுமென்று செய்யாத தவறுக்கான அபராதம் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகக் கூடாது, ஓர் அறிக்கைக்கு ஒன்றே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது சிறு ஆறுதல். பெற்றோர் அன்போடு சேர்த்த பெயர், பிள்ளைக்கு ஆண்டுதோறும் ஒரு படிவத்தைக் கொண்டுவருகிறது.

வட்டி வருமானம் யார் பெயரில் காட்டப்படுகிறது என்பதையும் பாருங்கள். கூட்டுக் கணக்கில் உங்கள் பெயர் முதலில் இருந்தால், வட்டி உங்கள் வரி எண்ணில் பதிவாகலாம். பணத்துக்கு உரியவரின் பெயரே முதற்பெயராக இருக்கட்டும்.

இறந்த இரவில் ஏடிஎம்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தந்தை இரவு 11.40-க்கு இறந்தார். பல ஆண்டுகளாக அவர் கணக்கைப் பார்த்துவந்த மூத்த மகன், இறுதிச் சடங்குச் செலவுக்காக நள்ளிரவு தாண்டி ஒரு மணி அளவில் ஒரு முறையும் விடிகாலையில் இன்னொரு முறையும் அட்டையைப் போட்டு, ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய உச்ச வரம்பு வரை எடுத்தார். எல்லாம் தந்தைக்காகவே செலவாயிற்று. ஓராண்டு கழித்துப் பாகப் பிரிவினைப் பேச்சு முறிந்தபோது, தம்பி இறப்புச் சான்றிதழையும் கணக்கு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சான்றிதழில் ஒரு நேரம், அறிக்கையில் அதற்குப் பிந்திய இரண்டு நேரங்கள். செலவுக்கு ரசீதுகள் பாதிதான் இருந்தன. அண்ணன் பணத்தை எடுத்துக்கொண்டவர் அல்லர் என்பது தம்பிக்கும் தெரியும். ஆனாலும் வழக்கறிஞர் அறிவிப்பில் அந்த இரண்டு வரிகள்தான் முதலில் இருந்தன.

இறப்பின் கணத்தில் எல்லா முகவர் அதிகாரமும் முடிகிறது. மேண்டேட், அதிகாரப் பத்திரம், இங்கிலாந்தின் நிலைத்த பத்திரம் எதுவும் இதற்கு விலக்கல்ல. அதன்பின் அந்தப் பணத்தைத் தொடும் உரிமை, உயில் நிறைவேற்றுநருக்கோ, நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகிக்கோ, வங்கியின் விதிப்படி எஞ்சியவருக்கோ நாமினிக்கோதான். ஆகவே அட்டையைப் பையில் வைத்துவிட்டு, செலவை உங்கள் பணத்தில் செய்து, ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். இறுதிச் சடங்குச் செலவை இறந்தவரின் சொத்திலிருந்து கடன்களுக்கும் முன்னதாக ஈடுகட்ட வேண்டும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 சொல்கிறது. பிற நாடுகளிலும் அந்தச் செலவுக்கு முன்னுரிமை உண்டு. பிரிட்டனில் பல வங்கிகள் சடங்கு நிறுவனத்தின் கட்டணச் சீட்டைக் காட்டினால் கணக்கிலிருந்து நேரடியாகவே செலுத்திவிடும்.

ஓய்வூதியம் வரும் கணக்காக இருந்தால், ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்துக்கும் உடனே தெரிவியுங்கள். தகவல் போகும் வரை பணம் வந்துகொண்டே இருக்கும். அது திருப்பித் தர வேண்டிய பணம். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பில் இறந்த மாதத்துக்கான தொகையே உரியதல்ல. அதை எடுத்துச் செலவழித்தவர் சொந்தப் பையிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டிவரும், தெரிந்தே தொடர்ந்து எடுத்தவர் குற்ற வழக்கையும் சந்திப்பார். அதேபோல, இறந்தவரின் கடன்களைத் தீர்க்குமுன் மீதியை வாரிசுகளுக்குப் பகிர்ந்துவிட்டால், பகிர்ந்து கொடுத்தவரிடம் கடன் கொடுத்தவர்கள் வருவார்கள்.

பொறுப்பை இறக்கி வைப்பது

இந்த வேலையை விட்டு விலகவும் முறை உண்டு. சும்மா போவதை நிறுத்திக்கொள்வது விலகல் ஆகாது. மேண்டேட்டை ரத்து செய்யும் கடிதத்தை வங்கியில் கொடுத்து, முத்திரையோடு ஒரு படி வாங்குங்கள். அதிகாரப் பத்திரம் இருந்தால் ரத்துப் பத்திரமோ விலகல் கடிதமோ எழுதி, பத்திரத்தைக் காட்டிய ஒவ்வோர் இடத்துக்கும் அனுப்புங்கள். உங்கள் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் அந்தக் கணக்கில் பதிவாகியிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். பழைய எண்ணுக்கு வரும் ஓடிபி, விலகிய பின்னும் உங்களை உள்ளே வைத்திருக்கும். ரகசிய எண்களைக் கணக்குதாரர் உங்கள் கண் முன்னேயே, புதிய எண் உங்களுக்குத் தெரியாதபடி, மாற்றிக்கொள்ளட்டும்.

கடைசியாக அந்த நீள நோட்டை எடுத்து, இறுதி இருப்பை எழுதி, வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு, ஒப்படைத்த அட்டை, காசோலைப் புத்தகம், வைப்பு ரசீதுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, 'பெற்றுக்கொண்டேன், கணக்குச் சரி' என்ற வரியின் கீழ் கணக்குதாரரோ அடுத்துப் பொறுப்பேற்பவரோ தேதியோடு கையெழுத்திடச் செய்யுங்கள். மூல நோட்டை அவர்களிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.